நாலாவது பட்டன்

பார்சல் அலுவலகத்தின் நாலாவது போன் லைனில் யாரை நிறுத்திவைத்தாலும், அந்த லைனை மறுபடி எடுக்கும்வரை அவர்களுக்குக் காலம் ஓடாது. இது மேனேஜர் இழுத்துவிட்ட வினை. எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்தது மூன்று லைன். வாங்கிய போன்களிலோ நாலு பட்டன். எல்லா லைனும் எல்லா மேசைக்கும் பொது. ஒருவர் நிறுத்திவைத்த பேச்சை இன்னொருவர் தன் மேசையிலிருந்தே தொடரலாம். விளக்கு நின்று எரிந்தால் யாரோ பேசுகிறார்கள், சிமிட்டினால் யாரோ காத்திருக்கிறார்கள். காசு கொடுத்த பட்டன் வெட்டியாக இருப்பது மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. போன் மெக்கானிக் சுவருக்குள் கிடந்த பழைய ஒயர் ஒன்றை இழுத்து அதில் மாட்டினார்.

"இது எங்கேர்ந்து வருதுன்னே தெரியல சார்."

"வேலை செய்யுதுல்ல? அப்புறம் என்ன?"

மூன்று லைனும் எரிந்தால் அழைப்பு தானாக நாலுக்குப் போகும். முதலில் அதில் மாட்டிக்கொண்டவர் ஒரு சிமென்ட் வியாபாரி. சரக்கு வரவில்லையென்று கத்தியவரை நிறுத்திவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர்கள் அவரை மறந்தே போனார்கள். மறுநாள் அவர் மனைவி அழுதுகொண்டு வந்தாள். மனிதர் கடையில் ரிசீவரும் காதுமாக நிற்கிறார், கையிலிருக்கும் டீ இன்னும் ஆறவில்லை, ரிசீவரைப் பிடுங்கினால் வரமாட்டேன் என்கிறது. லைனை எடுத்ததும் விட்ட வசவிலிருந்தே தொடர்ந்தார். அன்றுமுதல் தொல்லை பிடித்தவர்கள் கூப்பிடும் நேரம் பார்த்து மற்ற மூன்று லைனையும் எடுத்துவைத்து, அவர்களை நாலுக்குத் தள்ளினார்கள். ஊரில் எப்போதும் யாராவது ஒருவர் அப்படி நின்றார். வீட்டார் தூசி தட்டிவிட்டுக் காத்திருந்தார்கள்.

பில் போடும் அக்காவின் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாயங்காலம் தாங்காது என்று டாக்டர் கைவிரித்த அன்று, அவரையே அலுவலக நம்பருக்குப் பேச வைக்கும்படி நர்ஸிடம் கெஞ்சிவிட்டு அக்கா அலுவலகத்துக்கு ஓடிவந்தாள். மூன்று லைனையும் எடுத்துவைத்தாள். மணி அடித்தது. அவருடைய மூச்சிரைப்பைக் கேட்டாள், நிறுத்திவைக்கும் பட்டனை அழுத்தினாள். ஆஸ்பத்திரியில் அவர் சாகவில்லை.

அதன்பின் அவளுக்கு ஒரே பயம், யாராவது கை தவறி எடுத்துவிடுவார்களோ என்று. எல்லா போனிலும் அந்தப் பட்டன்மேல் தீப்பெட்டிக் கூடு ஒட்டினாள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்காமலே மேனேஜர் பேட்டரி வாங்கிப் போட்டார். கஞ்சமகாபிரபுதான், ஆனாலும் வாங்கினார். நர்ஸுகள் அவரைச் சுற்றியே வேலை பார்த்தார்கள். அக்காவுக்குத் தலை நரைத்தது, அவருக்கு மீசைகூட வளரவில்லை. அவள் ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு வீட்டில் முடங்கினாள். அவள் நாற்காலியில் மகள் வந்து உட்கார்ந்தாள். தினமும் சாயங்காலம் அக்கா போன் செய்து ஒன்றே ஒன்று கேட்பாள்: "சிமிட்டுதா?"

மகளுக்கு அப்பாவின் குரல் நினைவில் இல்லை. அவளால் எத்தனை நாள்தான் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு பில் போட முடியும்? ஒரு மதியம் தீப்பெட்டிக் கூட்டைப் பிய்த்துவிட்டு எடுத்தாள்.

"பாப்பாவ தூங்கவச்சிட்டு வா," என்றார் அவர். "மெதுவாவே வா. ஒண்ணும் அவசரமில்ல."

"சரி," என்றாள் மகள். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

இப்போதைய மேனேஜர் அறையை விட்டு வெளியே வரவில்லை. மகளை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மா கூப்பிடும் நேரம் நெருங்கியதும், யாரும் சொல்லாமலே மூன்று பேர் மூன்று லைனை எடுத்துவைத்தார்கள். மணி அடித்தது.

"சிமிட்டுதா?"

"இரும்மா, பாத்துச் சொல்றேன்."

நாலாவது விளக்கு சிமிட்டத் தொடங்கியதும் மூவரும் ரிசீவரை வைத்தார்கள். ஒருவர் புதுத் தீப்பெட்டிக் கூடு ஒட்டினார். மகள் இப்போதெல்லாம் காலையில் அம்மாவின் தோளில் தூசி தட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள். அலுவலகத்துக்கு மூன்று லைனே போதுமானதாக இருக்கிறது.