ஊற்றுக்கு வரும் அரிய விலங்கு

அறப்பளீஸ்வரர் மேல் ஆணை. இதில் ஒரு சொல் பொய்யானாலும் கொல்லிமலை மிளகெல்லாம் கொடியிலேயே கருகட்டும்.

2002இல் அந்த மலையின் வளப்பூர் நாட்டுச் சோலை ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு திட்டம் ஜீப்பில் ஏறி வந்தது. வந்த வேகத்தில் சோலையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டது. சோலையோரம் குடியிருந்த ராமாயி வீட்டுக்குத் தண்ணீர் தரும் ஊற்று வேலிக்குள்ளே மாட்டிக்கொண்டது. இனி அவள் குடத்தோடு மூன்று மைல் சுற்றி ஓடைக்குப் போக வேண்டும்.

நேரே போய்த் திட்ட அதிகாரி முரளியைப் பிடித்தாள்.

“ஏனுங்க, தண்ணிக்கு ஒரு வழி உடுங்க.”

முரளி ஒரு கத்தைத் தாளைப் புரட்டினார். “பதினோரு வகைத் தவளை இருக்கும்மா, நாப்பது பறவை இருக்கு. மனுசங்க இதுல வரலியே.”

“தவளைக்குப் பக்கம் பக்கமா எழுதியிருக்கீங்க. எனக்கு ஒரு வரி எழுத மை தீந்துபோச்சுங்களா?”

“எல்லாம் உங்க நல்லதுக்குத்தாம்மா.”

அந்த ‘நல்லது’ அவள் நெஞ்சில் எரிந்தது. மறுநாளே கம்பிக்கு அடியில் படுத்து நுழைந்தாள். சோலைக்குள் சாமி இருப்பதால் அங்கே மலைக்காரர் யாரும் செருப்புப் போடுவதில்லை. வெறுங்காலோடு போனவள், நிறைகுடத்தை ஒரு சொட்டுச் சிந்தாமல் கம்பிக்கடியில் தள்ளிக்கொண்டு திரும்பினாள். தினமும் இப்படித்தான்.

அங்கேதான் வந்தது வினை. தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளைத் தடம் பார்த்து எண்ண, முரளி ஊற்றைச் சுற்றிப் பொடிமண் பரப்பியிருந்தார். அவரும் அவர் ஆட்களும் பூட்ஸோடே திரிகிறவர்கள். மனிதத் தடம் என்றால் அவருக்குப் பூட்ஸ் தடம்தான். குனிந்து பார்த்து எழுதினார்: இரண்டு கால். விரிந்த விரல்கள். வரும்போது தடம் லேசு, போகும்போது ஆழம். ஒரே மூச்சில் பதினைந்து லிட்டர் குடிக்கிறது.

டெல்லியிலிருந்து நான்கு நிபுணர்கள் வந்தார்கள். அந்த விலங்குக்கு, சோளக்காடு ஊருக்குப் போகும் பஸ் நீளத்துக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அது தின்ன வாழைத்தார் கட்டினார்கள். வேலியில் ஆறடி அகலத்துக்கு வழி வெட்டிப் பலகை நட்டார்கள்: ‘அரிய விலங்கின் பாதை. மனிதர்கள் நுழையக் கூடாது.’

ராமாயியின் புருஷன் சின்னுசாமி அந்தத் தாரிலிருந்தே ஒரு பழத்தை உரித்தான். “அந்த மிருகத்துக்குத் தாலி கட்டுனவன் நானு. எனக்கொரு பலகை கெடையாதா?”

அவள் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பலகையருகே நின்ற முரளியிடம் போனாள்.

“மனுசியா வந்து கேட்டப்போ வழியில்லீங்க. மிருகம்னதும் ஆறடி, கூட வாழத்தாரு. மனுசியாப் பொறந்ததுதான் எந் தப்புங்களா?”

முரளி தாளைப் புரட்டினார். ராமாயி, “தள்ளி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, அந்த ஆறடியின் நட்டநடுவே நடந்துபோய்க் குடத்தை நிரப்பினாள்.

அந்த வேலியில் மனிதர்களுக்கென்று இன்றுவரை எந்த வழியும் விடப்படவில்லை.