வங்கிக்காகச் சாவி வாங்குகிறவள்

வட்டியில்லா வங்கியில் அவளுக்கு ஒரு விநோதமான வேலை. வீடு கேட்டு வருகிறவருக்கு அந்த வங்கி கடன் தராது. வீட்டைத் தானே வாங்கி, லாபம் வைத்து அவருக்கு விற்கும். தன் கைக்கு வராததை விற்கக் கூடாது என்பது இஸ்லாமிய மார்க்கத்தின் விதி. ஆனால் வீட்டை எப்படிக் கையில் எடுப்பது? ஊர் வழக்கத்தைப் பார்த்தார்கள் வங்கியின் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள். சாவி கைமாறினால் வீடு கைமாறியது என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள்; அதுவே போதும் என்றார்கள். அப்படி வங்கிக்காகச் சாவி வாங்குவது அவள்தான்.

அன்று விற்றவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வாங்குகிற குடும்பம் வழியில் மாட்டிக்கொண்டிருந்தது. காலி வீட்டில் அவள் தனியாக நின்றபோது, கப்பலில் வேலை பார்க்கும் கணவன் வீடியோவில் கூப்பிட்டான்.

"யாரு வீடு இது?"

"இப்போதைக்கு வங்கியோடது. சாவி என் கையில."

"அப்போ பாதி நம்ம வீடுதான்! சுத்திக் காட்டு."

"ஆசையைப் பாரு!" என்றாள். ஆனாலும் அறை அறையாகக் காட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். அதிலும் அவன் இருந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"கட்டிலை அந்த ஜன்னலோரமாப் போடலாம்" என்றான்.

"சாரல் அடிக்கும் மச்சான்."

"நான் எந்திரிச்சு மூடுறேன்."

தன் முகம் தெரியாதிருக்க போனைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "சுவர் நல்லாத்தான் இருக்கு" என்று அவன் சிரித்தான். அதோடு சிக்னல் போய்விட்டது.

குடும்பம் வந்து சேர்ந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தாள். பிள்ளைகள் எந்த அறை யாருக்கு என்று அப்போதே சண்டையை ஆரம்பித்துவிட்டார்கள்.

வங்கிக்குத் திரும்பியதும் மேலாளரிடம் போய் நின்றாள். "சார், நான் ஒரு வீடு கேட்டா நம்ம வங்கி வாங்கித் தருமா?"

"தாராளமா. ஆனா வாங்குறதும் நீங்க, வங்கிக்குச் சாவி வாங்குறதும் நீங்கன்னா ஆலிம்கள் என்னைத் தூக்கிப் போட்டு மிதிப்பாங்க. உங்க வீட்டுச் சாவியை வாங்க நானே போறேன்மா" என்று சிரித்தார்.

கணவனுக்குச் சேதி அனுப்பினாள். மறுநாள்தான் பதில் வந்தது: "பார்த்து வை. இந்த ஒப்பந்தம் முடிஞ்சதும் கரையேறிடுறேன். இனிமே கடல் வேணாம்."

அன்று அவள் பஸ்ஸில் ஏறவில்லை. 'விற்பனைக்கு' என்று பலகை மாட்டிய வீடுகளின் ஜன்னல்களைப் பார்த்தபடியே நடந்தாள்.