பின்கதவு விஷயத்தை யார் சொன்னது

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியின் பின்கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும். திறந்து வைத்தால் அந்த வழியாகத் துணி திருட்டுப் போகும் என்று முதலாளிக்குச் சந்தேகம். முன்வாசல் வழியாக வேலைக்கு வரும் பெண்கள் அதே வாசல் வழியாகத்தான் திரும்பிப் போக வேண்டும். போகும்போது காவலாளி ஒவ்வொரு பையையும் திறந்து பார்ப்பான், சாப்பாட்டு டப்பாவைக்கூட விடமாட்டான்.

ஒருநாள் இஸ்திரி மேஜையின் ஒயர் பற்றிக்கொண்டு கூடம் முழுக்கப் புகை மண்டியது. எல்லோரும் அந்த ஒற்றை வாசலுக்கு ஓடினார்கள். தீ பெரிதாகவில்லை. ஆனால் நெரிசலில் கீழே விழுந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கை முறிந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதது கடவுள் புண்ணியம் என்றார்கள். மறுநாள் வேலைக்குப் போனபோதும் பின்கதவில் பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

அதைப் பார்த்துத்தான் மூன்று பெண்கள் குழாயடியில் நின்று ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒருத்தியை எல்லோரும் ‘கண்ணாடி’ என்று கூப்பிடுவார்கள். தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டவள், யாருக்கும் பயப்படாமல் பேசுவாள். மற்ற இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பிகளைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். மூத்தவள் புருஷனை இழந்தவள். கோயிலில் ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தால் இவள் குரல்தான் முதலில் எழும். இளையவள் சட்டென்று கோபப்படுவாள், அதே வேகத்தில் அழுதும் விடுவாள்.

திட்டம் பெரிதாக ஒன்றுமில்லை. திங்கட்கிழமை காலை மணி அடித்ததும் மெஷினில் உட்காராமல் நேராகப் போய்ப் பின்கதவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவது. திறந்தால்தான் எழுந்திருப்பது.

“யாருக்கும் இப்பவே சொல்ல வேணாம்,” என்றாள் கண்ணாடி. “நாம உக்காந்தா மத்தவங்க தன்னால வருவாங்க. முன்னாடியே சொன்னா சுவத்துக்கும் காது முளைச்சிடும்.”

சனிக்கிழமை மாலை இளையவள், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். திட்டத்தைச் சொல்லப் போகவில்லை. மேனேஜர் நாசமாய்ப் போக வேண்டும் என்று அந்த வாரம் முழுக்க மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாரத்தை இறக்கி வைக்கத்தான் போனாள். பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற மரக்கூண்டின் சல்லடைத் தடுப்புக்கு அப்பால், ஊர்க் கோயிலின் பங்குச் சாமியார் உட்கார்ந்திருந்தார். அவர் இந்தப் பங்குக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை.

“ஏம்மா அவர் மேல அவ்வளவு கோபம்?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், புகை, முறிந்த கை, பூட்டு, திங்கட்கிழமை எல்லாம் கொட்டிவிட்டது. அவர் குறுக்கே பேசவில்லை. கடைசியில், “பயமா இருக்கா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றாள். ஜெபிக்கச் சொல்லி அனுப்பினார்.

மனம் லேசாகி வெளியே வந்தவள், சாமியார் வீட்டு வாசலில் கம்பெனிக் கார் நிற்பதைப் பார்த்தாள். அப்போது அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை.

திங்கட்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே மேனேஜர் வாசலில் நின்றிருந்தார். பின்கதவுக்கு முன்னால் இரண்டு புதுக் காவலாளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பி வந்து மெஷினில் மாட்டியிருந்த துண்டை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனாள். இளையவளைப் பட்டன் பிரிவுக்கு மாற்றினார்கள். மூத்தவளை அதற்குப் பக்கத்தில் சட்டை மடித்துப் பெட்டியில் போடும் மேஜைக்கு மாற்றினார்கள். அங்கே ஃபேன் காற்று வரும்.

அன்று முழுவதும் இளையவளுக்கு ஒரே கேள்வி. யார் சொன்னது? கண்ணாடி வேலையையே இழந்தவள், அவளாக இருக்க முடியாது. மூத்தவள் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவள். வேறு யாருக்குத் தெரியும்? பட்டனைத் துணியில் வைத்து மிதியை அழுத்தும்போது அந்தக் கார் அவள் கண்முன் வந்து நின்றது. கை நழுவி, பட்டன் உடைந்து தெறித்தது.

மாலையில் மூத்தவள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். திட்டாத. நான் பாவசங்கீர்த்தனத்துல எல்லாத்தையும் சொல்லிட்டேன். வெளிய வந்தா கம்பெனிக் காரு நிக்குது. அவருதான் சொல்லியிருக்கணும்.”

மூத்தவளின் கத்தி நின்றது. “கார நீ கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்.”

“அப்புறம் நான் என்னத்தச் சொல்ல,” என்று மூத்தவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள்.

இளையவள் வாயில் அது நிற்கவில்லை. கண்ணாடியிடம் அழுதுகொண்டே சொன்னாள். பஸ்ஸில் சொன்னாள். கோயில் வேலைகளைக் கவனிக்கும் உபதேசியாரின் மனைவியிடம் சொன்னாள். ஒரு வாரத்துக்குள் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. அதன்பின் சாமியார் எது செய்தாலும் சாட்சியாகவே ஆனது. கோயிலுக்குக் கூரை மாற்றிக் கொடுத்தது யார்? முதலாளி. பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றிப் பேசினாரே, ஏன்? மேனேஜர் மனைவியைப் பார்த்துச் சிரித்தாரே, அது எதற்கு? அவர் எல்லோரையும் பார்த்துத்தான் சிரிப்பார் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. பாவசங்கீர்த்தன வரிசை காணாமல் போனது. காது கேளாத ஒரு பெரியவர் மட்டும் வழக்கம்போல் வந்து, தன் பாவங்களைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை.

இளையவளுக்கு ஊர் பேசுவது போதவில்லை. அவர் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று ஒருநாள் மாலை சாமியார் வீட்டுக்குப் போனாள். அவர் முன்னறையில் நாற்காலியின் ஆடும் காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“ஃபாதர், எங்க விஷயத்தக் கம்பெனில யார் சொன்னது?”

“எனக்குத் தெரியாதும்மா.”

“நான் உங்ககிட்ட சொன்னேன்.”

சாமியார் சுத்தியலைக் கீழே வைத்தார். “தொட்டில யாரு என்ன சொன்னாங்கன்னு நான் பேச மாட்டேன். சொன்னவங்களே வந்து கேட்டாலும்.”

“நீங்க சொல்லலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க.”

“எவர் பாவசங்கீர்த்தனமும் என் வாயிலேருந்து வெளிய போனதில்ல. இதுக்கு மேல எனக்குச் சாட்சி யாரும்மா இருக்கா?”

“அப்ப கம்பெனிக் காரு எதுக்கு வந்துச்சு? அதையும் சொல்ல மாட்டீங்களா?”

“அதச் சொல்றதுக்கு என்ன. புது மெஷின் வருதாம். ஜெபம் பண்ணி மந்திரிக்க வரச் சொல்லிட்டுப் போனாங்க.”

“போவீங்களா?”

“போவேன்.”

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்? வேலையைப் பறித்தவன் வீட்டு விருந்துக்குப் போகிற மாதிரி போவாராம். வாசல்படி இறங்கும்போது திரும்பி, “நல்லா மந்திரிங்க ஃபாதர். பூட்டுக்கும் சேத்து மந்திரிங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மந்திரிக்கும் நாளில் புது மெஷின்கள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக நின்றன. முதலாளி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். படம் எடுக்க ஒரு ஆளும் வந்திருந்தான். வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற நேரம் என்பதால் வேலையை நிறுத்தவில்லை, அவரவர் இடத்தில் எழுந்து நின்றால் போதும் என்றார் மேனேஜர். சாமியார் அங்கியோடு உள்ளே வந்தபோது ஒருத்தியும் கைகூப்பித் தோத்திரம் சொல்லவில்லை. அவர் முகம் வாடியிருந்தது. மெஷின்களுக்குத் தீர்த்தம் தெளித்தார், இஸ்திரி மேஜைக்குத் தெளித்தார், முன்வாசலுக்குத் தெளித்தார். பிறகு கூடத்தின் குறுக்கே நடந்து பின்கதவுக்கு வந்தார். காவலாளிகள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றார்கள்.

“இதத் திறங்க,” என்றார் சாமியார்.

“அது தேவையில்ல ஃபாதர், அந்தப் பக்கம் புழக்கமில்ல,” என்றார் மேனேஜர்.

“புகை வந்த அன்னிக்கு அந்தக் கர்ப்பிணிப் பொண்ணு கை முறிஞ்சு எங்கிட்ட வந்துச்சு. கட்டுப் போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது நான்தான். கதவு பூட்டியிருந்துச்சுன்னு அங்கதான் சொன்னா. வாசல் ரெண்டையும் மந்திரிக்காம நான் போறதாயில்ல.”

முதலாளி சிரித்தபடி, “சாவி ஆபீஸ்ல இல்லியே ஃபாதர்,” என்றார்.

“பரவாயில்ல. வர்ற வரைக்கும் இருக்கேன்.”

பக்கத்து மெஷினிலிருந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, தீர்த்தச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

இளையவள் பட்டன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் நாடகம் என்றே அவளுக்குத் தோன்றியது. படத்துக்காக ஒருநாள் திறப்பார்கள், நாளைக்குப் பூட்டுவார்கள், இவருக்கும் நல்ல பேர், முதலாளிக்கும் நல்ல பேர். ஒற்றைக் கையால் நூல் பிரித்துக்கொண்டிருந்த கை முறிந்த பெண், கட்டுப் போட்ட கையோடு எழுந்து போய்ச் சாமியாருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. அப்புறம் ஒரு வரிசை முழுக்க. அப்போதும் இளையவள் அசையவில்லை.

மேனேஜர் வேர்த்து விறுவிறுத்து வேகமாக இந்தப் பக்கம் வந்தார். மடிக்கும் மேஜைமேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மூத்தவளிடம் கேட்டார்: “மூணு பேருக்குத்தான் தெரியும், அந்தக் கண்ணாடிய அடக்கிட்டா எல்லாம் அடங்கிடும்னு நீதான சொன்ன? இப்ப பாரு.”

மெல்லத்தான் சொன்னார். ஆனால் பட்டன் மேஜைக்கும் மடிக்கும் மேஜைக்கும் நடுவே ஓர் ஆள் போகிற இடம்தான் இருந்தது. இளையவள் தலையைத் திருப்பினாள். மூத்தவள் அவளைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், திரும்ப மடித்தாள்.

அந்த இடத்தில் இருக்கவே முடியாமல்தான் இளையவள் எழுந்தாள். நடந்து போய், கை முறிந்த பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சாமியாரின் செருப்பு அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சரக்கு நிற்கிறது, படம் எடுக்கிறவன் எடுத்துக்கொண்டே இருக்கிறான். முதலாளி எவ்வளவு நேரம்தான் சிரித்துக்கொண்டிருப்பார்? கடைசியில் சாவி அவருடைய கால்சட்டைப் பையிலிருந்தே வந்தது. ஆபீஸில் இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லைதான். பூட்டைத் திறந்தும் கதவு நகரவில்லை. வெளியே அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெண்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பெட்டிகள் சரிந்து விழுந்தன. கழிவுநீர் ஓடும் ஒரு சந்து தெரிந்தது, வெயில் உள்ளே வந்தது. சாமியார் சுருக்கமாக ஜெபித்துத் தீர்த்தம் தெளித்தார். பூட்டைக் கை முறிந்த பெண் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அன்று மாலை காவலாளி அவள் பையை மட்டும் திறந்து பார்க்கவில்லை.

வீட்டில் மூத்தவள் விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். இளையவள் வந்ததும் அவளே பேசினாள்.

“ஆமா, நான்தான் சொன்னேன். முன்ன நானும் எம்புருஷனும் வேல பாத்த எடத்துலயும் எல்லாரும் இப்படித்தான் உக்காந்து கேட்டாங்க. மொதலாளி கம்பெனிய மூடிட்டு வேற ஊருக்குப் போயிட்டான். அப்புறம் வேலையில்லாம அவரு குடிச்சே செத்தாரு. இதுவும் போச்சுன்னா என் பொண்ண எத வெச்சுப் படிக்க வைப்பேன்?”

“கண்ணாடியக்கா வேல போச்சே.”

“அவள எச்சரிச்சு விடுவாங்கன்னுதான் நெனச்சேன்.”

“ஃபாதர் பேரு சந்தி சிரிச்சுச்சே. அப்பவாவது வாயத் திறந்தியா?”

“திறந்தா உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்னு இருந்துட்டேன்.”

“இப்ப மட்டும் எப்படி முழிக்கிற?”

மூத்தவள் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த வீட்டில் அடுப்பு ஒன்றுதான். ஒருத்தி அரிசி களைந்தாள், ஒருத்தி பாத்திரம் கழுவினாள். பல நாட்களுக்கு இருவருக்கும் நடுவே, உப்பு எங்கே, விளக்கை அணை என்பதற்கு மேல் பேச்சு எழவில்லை. கண்ணாடியைக் கம்பெனி திரும்பக் கூப்பிடவில்லை. அவள் ஒரு சின்னத் தையல் கடையில் சேர்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் காலியான பிறகு இளையவள் சாமியாரிடம் போனாள்.

“ஃபாதர், உங்களத் தப்பா நெனச்சுட்டேன். மன்னிச்சிருங்க.”

“நெனச்சது மட்டுமாம்மா? எல்லார்கிட்டயும் சொன்னீங்களே.” அவர் குரலில் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் அவர் முயலவில்லை. “எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல. ஊரே என்னைப் பாத்து வாய மூடிக்குச்சு. நீங்க எங்கெங்க போய்ச் சொன்னீங்களோ அங்கெல்லாம் போய் அது பொய்னு சொல்லுங்க. அது போதும்.”

“யார் சொன்னதுன்னு தெரிஞ்சுபோச்சு ஃபாதர்.”

“எங்கிட்ட சொல்லாதீங்க,” என்றார் அவர்.

அவள் முதலில் உபதேசியார் வீட்டுக்குப் போனாள். உபதேசியார் மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சாமியார் எதையும் வெளியே சொல்லவில்லை, நான்தான் அவசரப்பட்டு அவர்மேல் பழி போட்டுவிட்டேன் என்றாள் இளையவள்.

“அப்படியா? அப்ப யாருதான் போய்ச் சொன்னது?”

மூத்தவள் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இவளிடம் சொன்னால் விடிவதற்குள் தெருவெல்லாம் போய்விடும். மூத்தவளின் மகள் நடக்கும் தெரு அது.

“தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்.”

உபதேசியார் மனைவி கையிலிருந்த ஈரத் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். இளையவளை மேலும் கீழும் பார்த்தாள். “மூணே பேருக்குத்தான தெரியும்னு சொன்ன,” என்று மெதுவாகச் சொன்னாள். “அதுல ஒருத்தி நீதான?”

இளையவளுக்கு முகம் சுருங்கியது. இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். யாரை வைத்து நிரூபிப்பது?

“வரேங்க,” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டை நோக்கி நடந்தாள். உபதேசியார் மனைவி தன் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.