அருள்மொழியின் தொண்டை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு வாசலில் பூமாலையும் அருள்மொழியும் பக்கத்துப் பக்கத்தில் கூடை வைத்துப் பலாச்சுளை விற்பார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள். வெள்ளிமலையிலிருந்து ஒரே ஜீப்பில் இறங்கும் பழம்தான் இருவருக்கும். ஆனாலும் சின்னவள் அருள்மொழி ஒரு குரல் கொடுத்தால் நகரப் போகிற பஸ்ஸிலிருந்துகூட ஆள் இறங்கி வரும். பூமாலை கூவினால் ஈதான் வரும்.

அந்தக் குரல் போன தையில் கரகரக்க ஆரம்பித்தது. வைகாசியில் வெறும் காற்றாகிவிட்டது. கூட்டம் தன் பக்கம் திரும்பியபோது பூமாலைக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதைவிட ஜாஸ்தியாக, வயிறு குளிர்ந்தும் இருந்தது.

பாண்டிச்சேரி டாக்டரிடம் துணைக்குப் போனவளும் அவள்தான். குரல் நாணில் மரு மாதிரி வளர்ந்திருக்கிறதாம். மயக்க ஊசி இல்லை, ஆபரேஷன் தியேட்டர் இல்லை. நாற்காலியில் உட்கார வைத்து, தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து, மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டார்கள். அதன் நுனியில் கேமரா. லேசர் பட்டுப் பட்டு மரு வெளுத்துச் சுருங்குவதை டி.வி.யில் பூமாலை பார்த்துக்கொண்டே இருந்தாள். அதில் கொஞ்சத்தை விட்டுவைக்க மாட்டார்களா என்று மனசு ஓடியது. சீ என்று தலையை உதறிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் காட்ட வர்ற வரைக்கும் பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசாதீங்க" என்றார் டாக்டர்.

வூட்டில் அருள்மொழி மகாராணியானாள். அவள் கண்ணைக் காட்டினால் மாமியார் கஞ்சியோடு ஓடினாள். "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்கம்மா ஒரு சுடுதண்ணி வெச்சாங்களா?" என்று பூமாலை புருஷனிடம் பொருமினாள்.

சும்மா கிடக்க முடியாமல் மூணாம் நாளே அருள்மொழி கூடையோடு வந்து உட்கார்ந்தாள். வாடிக்கைக்கார வாத்தியாரம்மா விலை கேட்க, அவள் விரலைக் காட்டினாள்.

"அது நேத்துப் பழம்ங்க. இங்க வாங்க" என்றாள் பூமாலை.

பச்சைப் பொய். அருள்மொழியின் முகம் சிவந்தது, வாய் திறந்தது. கத்துடி, கத்து என்றது பூமாலையின் மனசு. அருள்மொழி வாயை மூடினாள். ஒரு சுளையை எடுத்து வாத்தியாரம்மா கையில் வைத்தாள். அந்தம்மா தின்று பார்த்துவிட்டு அங்கேயே வாங்கிக்கொண்டு போனார். பூமாலைக்குத் தலை நிமிரவில்லை.

அடுத்த வாரம் மறுபடி பாண்டிச்சேரி. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். "ஆறிக்கினு வருது. திரும்ப வளரலாம், அப்பப்ப வந்து காட்டணும். இப்ப மெதுவாப் பேசுங்க பாப்போம்."

அருள்மொழி டாக்டரைப் பார்க்கவில்லை. பூமாலை பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அன்னிக்கு வேணும்னுதான சொன்ன?"

குரல் சன்னமாக இருந்தது, ஆனால் கரகரப்பே இல்லை.

"ஆமாடி" என்றாள் பூமாலை.

"இன்னாத்துக்கு?"

"நீ வாயத் தொறந்தா என்னை யாரு பாக்கறாங்க?"

டாக்டர் கம்ப்யூட்டரில் எதையோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

பஸ்ஸில் அருள்மொழி தள்ளித்தான் உட்கார்ந்தாள். விழுப்புரம் தாண்டிய பிறகு, "அடுத்த தபாவும் நீதான் வரணும். எங்க வூட்டுக்காரருக்கு ரத்தம், ஊசின்னா மயக்கம் வந்துரும்" என்றாள்.

"வரேன்" என்றாள் பூமாலை. அந்தக் குரல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அப்போதும் அவளுக்கு எரியத்தான் செய்தது.