இருபத்தெட்டு அங்குல பெல்பாட்டம்

இறந்துபோன என் தம்பி சொக்குவுக்கு முதல் படைப்புப் போட்டுக் கும்பிட்ட அன்று நேமத்தான்பட்டி வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: வெங்கட்ராமனாகிய நான், என் மனைவி லட்சுமி, சொக்குவின் மனைவி சீதை, அவர்கள் மகன் ஆதித்தன். வேறு யாரும் இல்லை. இதைச் சொல்லக் காரணம், அன்று இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள்.

எழுபத்து நான்கு வயதில் ஒரு படைப்பை முன்னின்று நடத்துவது உடம்பை முறிக்கிற வேலை. விடிந்ததிலிருந்து நின்று இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் நான் உட்காரவில்லை. தம்பிக்குச் செய்வதை உட்கார்ந்து செய்ய மனம் வரவில்லை.

இறந்தவருக்குப் புது வேட்டியோடு அவர் உடுத்திய துணி ஒன்றையும் வைத்துக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதை எடுக்கத்தான் ஆதித்தன் சொக்குவின் தகரப்பெட்டியைத் திறந்தான்.

அடியில் ஒரு பெல்பாட்டம் கிடந்தது. காப்பிக்கொட்டை நிற டெரிகாட்டன். கால் அகலம் இருபத்தெட்டு அங்குலம். தரையில் தேய்ந்து கிழியாமலிருக்க விளிம்பைச் சுற்றிப் பித்தளை ஜிப் வைத்துத் தைத்திருந்தது.

லட்சுமி சிரித்துவிட்டாள். “ஒத்தக் காலுக்குள்ள ரெண்டு பேரு குடியிருக்கலாம் போல.”

“இதையே வச்சிருவோம் பெரியப்பச்சி,” என்றான் ஆதித்தன். அப்பாவை அப்பச்சி என்பது எங்கள் பக்கத்து வழக்கம். “இதுக்குத்தான அப்பச்சியை ஊரே காலிப்பயன்னு பேசுச்சு? ஆசையாப் போட்டதை அவுகளுக்கே குடுப்போம்.”

இடுப்பில் வைத்து அளந்து பார்த்தான். அவனுக்கே கால் தரையில் புரண்டது. “அப்பச்சி என்னையவிடக் குட்டைதான ஆத்தா?”

“அப்ப எல்லாரும் குதிகால் உசந்த செருப்புல்ல போட்டாக,” என்றாள் சீதை.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஐம்பது வருடம் அப்படித்தான் இருந்தேன். ஆனால் அவன் அதை மடித்து வேட்டியின் மேல் வைக்கப் போனான்.

“வைக்காதே. உசுரோட இருக்கவன் துணியைப் படைப்புல வைக்கக் கூடாது.”

மூவரும் என்னைப் பார்த்தார்கள். நின்றபடியே சொன்னேன். கீழச்சிவல்பட்டியில் லட்சுமியை எனக்குப் பேசி முடித்த வாரம் அது. காரைக்குடி தியேட்டர் வாசலில், பெல்பாட்டமும் காதுக்குக் கீழே இறங்கிய கிருதாவுமாக எங்கள் வீட்டுப் பையன் ஒருவன் நின்றதாக அவள் சித்தப்பா எங்கள் அப்பச்சியிடம் வந்து சொன்னார். அவர் பார்த்தது முதுகுப்பக்கம்தான். எந்தப் பையன் என்று அவருக்குத் தெரியாது. அன்று இரவே நான் கிருதாவை மழித்துவிட்டேன். மறுநாள் அப்பச்சி வீட்டில் தேடி எடுத்த இந்தத் துணியை எங்கள் இருவர் முன்னாலும் போட்டு, யாருடையது என்றார். நான் வாய் திறக்கவில்லை. சொக்கு, “என்னோடது அப்பச்சி,” என்றான். துணி அவன் பெட்டிக்குப் போனது. நான் தாலி கட்டும் நாள் தள்ளிப்போகவில்லை. அவனுக்கு ஆறு வருடம் யாரும் பெண் கொடுக்கவில்லை.

“இந்தப் பேச்சாலதான் எங்க பொறந்த வீட்டுல அவுகளுக்கு முதப் பந்தியில எலை போட்டதில்லை,” என்றாள் சீதை. “கடேசி வரைக்கும் எங்கிட்டக்கூடச் சொல்லலையே.”

“அவன் சொல்லமாட்டான்.”

“நீக சொல்லியிருக்கலாம்ல?”

லட்சுமி பெல்பாட்டத்தை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். சொக்குவின் பழைய வேட்டி ஒன்றை வைத்துக் கும்பிட்டோம்.

அவன் படைப்பில் பேண்ட் வைத்ததாகப் பங்காளிகளிடையே இப்போது பேச்சு நடக்கிறது. வைக்கவில்லை. என் தம்பி சொக்கு ஒருநாளும் பெல்பாட்டம் போட்டதில்லை. போட்டவன் நான்.