மூன்றரை சதவீதம்

மார்ச் நான்காம் தேதி காலை பத்தேகாலுக்கு, ரயில் நிலையச் சாலையில் ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் இருக்கும் எம்பிராய்டரிக் கூடத்தில், பன்னிரண்டு ஊசி மெஷினின் சர்க்யூட் போர்டு எரிந்துபோனது.

கூடத்தின் சொந்தக்காரி முதலில் சுவிட்சை அணைத்தாள். பிறகு ஜன்னலைத் திறந்தாள். இருநூற்று நாற்பது வெள்ளைக் கோட்டுகளில் டாக்டர்களின் பெயரைத் தைத்து முப்பதாம் தேதிக்குள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். தவறினால் வருடாந்தர வேலை கைவிட்டுப் போகும். பழைய மாடல் என்பதால் உள்ளூரில் போர்டு கிடையாது. தேடித் தேடி, வெளிநாட்டுக் கடை ஒன்றின் இணையதளத்தில் கண்டுபிடித்தாள். இருப்பில் ஒன்றுதான் இருந்தது.

அவள் பர்ஸைத் திறந்ததும் கணவன் தலையை நிமிர்த்தினான். கூடத்தின் வரவு செலவு அவன் பொறுப்பு. வெளிநாட்டுக் கடையில் கார்டு போட்டால் வங்கி மூன்றரை சதவீதம் தனியாகப் பிடிக்கும் என்பதை அவன் கல்யாண வீட்டிலும் சொல்வான், துக்க வீட்டிலும் சொல்வான். மச்சினன் அவனுக்கு வைத்த பெயரே ‘மூன்றரை’.

“உன் கார்டு வேணாம். மாப்ளையோடத போடு.”

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் தம்பியிடம் அந்தக் கட்டணம் பிடிக்காத கார்டு ஒன்று இருந்தது. குடும்பத்தில் யார் வெளிநாட்டிலிருந்து எதை வரவழைத்தாலும் அதில்தான். பணத்தை அன்றே அவனுக்கு அனுப்பிவிடுவார்கள். கார்டு விவரம் அவள் டைரியின் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

போனில் கேட்டாள்.

“தாராளமா போடுக்கா. மெசேஜ் வந்ததும் நம்பர் சொல்றேன். மாமா பக்கத்துலதான் இருக்காரா? மூச்சுக்கு மூணரை வாங்குவாரே.”

“வேலையப் பாருடா.”

உள்நாட்டுப் பணத்திலேயே கட்டலாமா என்று திரை கேட்டது.

“அத தொடாத. கடைக்காரன் வைக்கிற ரேட்டு வங்கியவிட மோசம்” என்றான் கணவன். அது சரிதான். கார்டு விஷயத்தில் அவன் சொல்லித் தப்பானதில்லை.

அவள் வெளிநாட்டு நாணயத்தையே தேர்ந்தாள். வங்கி தம்பியின் போனுக்கு அனுப்பும் ஒருமுறை எண்ணை அவன் சொல்ல வேண்டும். அது வரவில்லை. அதற்குள் மேற்பார்வையாளர் கூப்பிட்டதால் தம்பி லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தான். அங்கே சிக்னல் எட்டாது. மூன்று நிமிடம் கழிந்து முதல் முயற்சி காலாவதியானது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு அவன் ஏறிவந்தபோது எல்லா மெசேஜும் ஒன்றாக வந்து விழுந்தன. கிரீஸ் கையோடு அவன் வாசித்தது பழைய எண். கார்டு இருபத்துநாலு மணி நேரத்துக்கு முடக்கப்பட்டது என்று திரை சொன்னது.

“அக்கா, இப்ப நான் பெட்ரோல் எப்படிப் போடுவேன்?”

“மாமாகிட்ட கேளு.”

கணவன் தொண்டையைச் செருமினான். “ஒரு நாள்தானே. நாளைக்குப் போட்டுக்கலாம்.”

“ஒரே ஒரு போர்டு இருக்கு.”

“நம்மள மாதிரி பழைய மெஷின வச்சிக்கிட்டு வேற எவன் இருக்கான்?”

“நமக்குத் தெரியாம ஒருத்தன் இருப்பான். அவனுக்கும் இன்னிக்கே எரிஞ்சிருக்கும்.”

கணவன் கால்குலேட்டரை எடுத்தான், தட்டிப் பார்த்தான், அவள் கார்டில் போட்டால் வங்கி பிடிக்கும் தொகையை அவளுக்குக் காட்டினான். அவள் பார்த்தாள். சின்னத் தொகை இல்லை. நூல்காரருக்குப் பத்து நாளாகத் தராமல் வைத்திருப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். மூலையில் கோட்டுகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

“இது போச்சுன்னா ஆஸ்பத்திரி ஆர்டர் போகும். அது எத்தன சதவீதம்னு அதுல தட்டுங்க” என்றாள்.

அவன் கால்குலேட்டரை மேஜையில் வைத்தான்.

அவள் தன் கார்டின் எண்ணை அடித்தாள். மெசேஜ் அவள் போனுக்கே வந்தது. பதினொன்று நாற்பதுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் வங்கி மூன்றரை சதவீதத்தைக் கணக்கில் தனிப் பதிவாகப் பிடித்துக்கொண்டது. போர்டு பதினாறாம் தேதி வந்தது. கோட்டுகள் இருபத்தொன்பதாம் தேதி மருத்துவமனைக்குப் போயின.