பச்சைப் பொட்டு

விடிந்தும் விடியாத ஆறு மணிக்கு புதுச்சேரி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் தரை அதிர்ந்தால், அது முதலாளி பிரூனோ முசியேவின் கம்பெனியில் பிரஸ் இறங்குகிற அதிர்வு என்று தெருநாய்க்குக்கூடத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்புவரை பதினாறு பிரஸ் ஓடின. இப்போது ஓடுவது ஐந்து. அந்த ஐந்தும் இரும்புத் தகட்டைக் கடித்துத் துப்பும்போது செக்கிங் மேசையில் வைத்த டீ டம்ளர் தானாக ஓரத்துக்கு நகரும். லூர்துசெல்வி அதை முழங்கையால் உள்ளே தள்ளிவிட்டு அடுத்த கீலைக் கையில் எடுப்பாள்.

கார்க் கதவைக் காரோடு சேர்த்துப் பிடித்திருக்கிற கீல் அது. உள்ளங்கை அளவு இரும்பு. பதினேழு வருஷமாக அவள் பார்த்துக்கொண்டிருப்பது இதைத்தான்.

எடுக்க வேண்டும். ஓரத்தில் கட்டைவிரலை ஓட்ட வேண்டும். பிசிறு தட்டினால் அரத்தால் இரண்டு இழுப்பு. அளவுக் கட்டையில் செருகிப் பார்த்து, சரியாக இருந்தால் கீழ்த் துளைக்குப் பக்கத்தில் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துப் பெட்டியில் போட வேண்டும். மணிக்கு இருநூற்றைம்பது. கம்பெனி கொடுத்த கையுறையின் கட்டைவிரலை வெட்டி எறிந்துவிட்டுத்தான் இந்தப் பெண்கள் மேசைக்கு வருவார்கள், துணி மூடிய விரலுக்குப் பிசிறு தெரியாது. பதினேழு வருஷத்தில் லூர்துவின் கட்டைவிரல் ரேகை தேய்ந்து மழுங்கிவிட்டது. பேங்கில் கைரேகை மெஷின் அவளை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடும். இரும்புக்கு அவளை நன்றாகத் தெரியும்.

பொட்டில் ஆளுக்கொரு நிறம். கலைவாணிக்கு மஞ்சள், லூர்துவுக்குப் பச்சை. நாளைக்கு எங்கேயோ ஒரு கதவு ஆடினால், சரிபார்த்து அனுப்பியது யார் என்று நிறம் சொல்லிவிடும். லூர்துவின் பச்சை பதினேழு வருஷத்தில் ஒருமுறைகூடத் திரும்பி வந்ததில்லை. பிரஷ் சீக்கிரம் கட்டிதட்டிப் போகும் என்று இவர்கள் தென்னை ஈர்க்கில்தான் பெயிண்டைத் தொட்டு வைப்பார்கள். லூர்து இடதுகைக்காரி. ஈர்க்கை எடுக்கிறபோது பொட்டின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு இழுப்பு விழும்.

"அக்கா பொட்டுக்கு மட்டும் வாலு முளைச்சிருக்கு" என்று கலைவாணி கிண்டல் பண்ணுவாள்.

இந்த வேலை ஒரு பழக்கத்தையும் ஒட்டவைத்துவிட்டது. எந்தக் காரின் கதவு திறந்தாலும் இவர்கள் கண் கீலுக்குத்தான் ஓடும். கல்யாணத்தில் பெண் காரைவிட்டு இறங்கினால் ஊரே பெண்ணைப் பார்க்கும், இவர்கள் கதவிடுக்கைப் பார்ப்பார்கள். பொட்டு தெரிந்தால் "நம்மளுது" என்று பக்கத்தில் இருப்பவளை இடித்துச் சொல்லாமல் இருக்க முடியாது.

அன்றைக்கு ஆயுத பூஜை. பத்து மணிவரை உற்பத்தி, அப்புறம் மெஷினைக் கழுவிப் பூஜை. முசியேவின் அப்பா, பெரிய முசியே காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. கீல் வாங்குகிற நம் நாட்டுக் கார் கம்பெனியிலிருந்து புத்தம்புது வண்டி ஒன்றை வரவழைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். கதவைத் திறந்து கீலுக்குச் சந்தனம் வைப்பது செக்கிங்கில் மூத்தவள். லூர்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சந்தனம் வைப்பாள், யாரும் அதை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டதில்லை.

இந்த வருஷம் பொரி, சுண்டலோடு ஒரு கடிதமும் காத்திருந்தது. 'மக்கள் வெளிநாட்டுக் கார்களையே விரும்பி வாங்குவதால் ஆர்டர் குறைந்துவிட்டது. ஆகவே வாரம் மூன்று நாள் வேலைக்கும் மூன்று நாள் சம்பளத்துக்கும் சம்மதிக்கிறேன்.' அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். லூர்து போட்டால் மற்றவர்களும் போட்டுவிடுவார்கள். அது முசியேவுக்கும் தெரியும். அவள் போடுவதாகத்தான் இருந்தாள். புருஷன் மிக்கேல் செத்து நாலு வருஷம். மகள் ரூபிக்கு நர்சிங் கடைசி வருஷம். மூன்று நாள் சம்பளத்தில் ரூபியின் படிப்பை எப்படி முடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றுமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

மேலும், அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததை அவள் நம்பினாள். மூன்று வருஷமாக முசியே மைக்கைப் பிடித்துச் சொல்லிவந்ததும் அதுதான். நம்ம கார் ஓடினால்தானே நம்ம கீல் ஓடும், ஜனங்களுக்கு வெளிநாட்டு மோகம். நம்பிக் கெட்டாள் என்றே சொல்ல வேண்டும். அவளுடைய சித்தி மகள் கரீன், மாமனாருக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா பென்ஷன் வருகிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள், போன வருஷம் பிரெஞ்சுக் கார் ஒன்றை வாங்கி, கோயிலில் மந்திரித்துக்கொண்டு, முதலில் உழவர்கரைக்கு ஓட்டிவந்து லூர்து வீட்டு வாசலில்தான் நிறுத்தினாள். வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டாள்.

"இந்த வண்டில நான் ஏறமாட்டேன். எங்க சோத்துல மண்ணப் போட்டதே இந்த மாதிரி காருங்கதான்" என்றாள் லூர்து, தெருவே கேட்கும்படி. கரீன் வண்டியைத் திருப்பினாள். அதோடு பேச்சுவார்த்தை இல்லை.

பத்தேகாலுக்குக் கார் வந்தது. வெள்ளை நிறம், சீட்டுக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அறுபத்திரண்டு பேரும் கை கழுவிக்கொண்டு முற்றத்தில் கூடினார்கள். குடோன் வாசலில் ஒரு லாரி தார்ப்பாய் கட்டி நின்றிருந்தது. அதன் பக்கத்தில் அருள்முருகன் தனியாக நின்றான். முன்னே பிரஸ் ஓட்டியவன். ஆட்களைக் குறைத்து ஒருத்தன் இரண்டு பிரஸ் பார்க்கட்டும் என்று வைத்தபோது, போன வருஷம் சித்திரை மாதம், வலதுகையில் இரண்டு விரல் போயிற்று. நஷ்டஈட்டுக்குப் பதிலாகக் குடோனில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். அதைக் கருணை என்று வேறு சொன்னார்கள், சொல்கிறவன் வாய் கூசவில்லை.

முசியே வெள்ளைச் சட்டையில் வந்தார். கற்பூரம் காட்டியாயிற்று. லூர்து சந்தனக் கிண்ணத்தோடு போய்க் கதவைத் திறந்து குனிந்தாள்.

பச்சைப் பொட்டு.

நெஞ்சு நிறைந்துதான் போயிற்று முதலில். 'நம்மளுது' என்று வாய்வரை வந்துவிட்டது. சந்தனம் தோய்ந்த விரலைக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். பொட்டு மேல்துளைக்குப் பக்கத்தில் இருந்தது. வட்டமாக, அச்சடித்ததுபோல இருந்தது. விரலைத் துடைத்துவிட்டுக் கட்டைவிரலைக் கீலின் ஓரத்தில் ஓட்டினாள். பிசிறு தட்டியது, அரம் பட்ட தடமே இல்லை. பின்கதவைத் திறந்தாள். மறுபக்கம் போய் மற்ற இரண்டையும் திறந்தாள். நாலு கதவிலும் அதே பச்சை, அதே வட்டம்.

கலைவாணி பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, வாலு எங்க?" என்றாள்.

முற்றத்தில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க, அருள்முருகன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் நேரே அவனிடம் போனாள்.

"அருளு, குடோன்ல இன்னா இருக்கு?"

அவன் குடோன் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"உன்னதான் கேக்கறேன்டா."

"கீலுதான்க்கா" என்றான். "கண்டெய்னர்ல வருது. பெட்டி மேல நமக்குப் புரியாத எழுத்து. அதப் பிரிச்சி, நம்ம பெட்டில மாத்தி, ரப்பர் ஸ்டாம்பு வெச்சி பொட்டு குத்தணும். நான்தான் குத்தறேன். நான் குடோனுக்குப் போறதுக்கு முன்னாடியே வேற ஆளு குத்திட்டிருந்தான்."

"ஏன்டா பச்சை?"

"பச்சைன்னா கார் கம்பெனில பிரிச்சிகூடப் பாக்கமாட்டாங்களாம், அப்படியே எடுத்துக்குவாங்களாம். மேனேஜர் சொன்னாரு." மீதி மூன்று விரலால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வெளிய சொன்னா இந்த வேலையும் போயிடும்னாங்க. நான் எங்கக்கா போவேன், இந்தக் கைய வெச்சிக்கினு."

அறுபத்திரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"லூர்து, நல்ல நேரம் போவுது. பூசணிக்காய உடைக்கச் சொல்லு" என்றார் முசியே.

"முசியே, இது என் பொட்டு இல்ல."

"பச்சைதானே?"

"பச்சைதான். நான் வெக்கல. ஆர்டர் கொறைஞ்சிபோச்சின்னு சொன்னீங்க. கார் வந்திருக்கு, கீலும் மாட்டியிருக்கு. அப்ப ஆர்டர் கொறைஞ்சிதா, நாங்க கொறைஞ்சமா?"

முசியே சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சரி, நேராவே பேசலாம். அந்தக் கீலு துறைமுகத்துல வந்து எறங்கற வெலைக்கு உங்களால செய்ய முடியாது. நான் இப்படிப் பண்ணலன்னா கார் கம்பெனியே நேரா அங்க வாங்கிடும். அப்ப இந்த அஞ்சு பிரஸ்ஸும் இருக்காது. உங்களுக்காகத்தான் பண்றேன்."

"எங்களுக்காகன்னா எங்ககிட்ட சொல்லிட்டுப் பண்ணியிருக்கலாமே" என்றாள் லூர்து. "ஜனங்க மேல ஏன் பழியப் போட்டீங்க? உங்க பேச்ச நம்பி நான் என் தங்கச்சிய வாசலோட தொரத்துனேன். சரி, அது என் புத்தி. என் பச்சைய ஏன் எடுத்தீங்க? நாளைக்கு ஓடற வண்டில ஒரு கதவு கழண்டு ஒரு புள்ள விழுந்தா, பச்சை யாருன்னுதானே கேப்பான்? ரப்பர் ஸ்டாம்பா வந்து நிக்கும்?"

"கதவுல்லாம் கழலாது."

"நீங்க விரல ஓட்டிப் பாத்தீங்களா?"

அவர் முகம் மாறியது. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கையெழுத்து போடறவங்களுக்கு நாளன்னிக்கிலருந்து மூணு நாள் வேலை. போடாதவங்களுக்கு அதுவும் இல்ல. உனக்குப் பொண்ணு படிக்குது லூர்து, யோசிச்சிக்க."

மேனேஜர் கடிதக் கட்டையும் பேனாவையும் கார் பானெட்டின்மேல் வைத்தார். லூர்து பேனாவைப் பார்த்தாள். ரூபியின் முகம் வந்தது, வராமல் இருக்குமா? போட்டால், அந்த ரப்பர் ஸ்டாம்புக்கும் சேர்த்துத் தான் கையெழுத்துப் போட்டதாக ஆகும் என்று தோன்றியது. சந்தனக் கிண்ணத்தைக் கடிதத்தின்மேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"லாரி எப்ப கெளம்பும், அருளு?"

"பன்னெண்டுக்கு. லீவு நாள்ல போனா யாரும் பாக்கமாட்டாங்கன்னு."

"எல்லாம் நீ பொட்டு குத்துனதா?"

"எல்லாம் உங்க பச்சைதான்க்கா."

அவள் கேட்டுக்கு வெளியே போய் வழியை அடைத்துத் தரையில் உட்கார்ந்தாள். தனியாகத்தான் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் யாரும் வரவில்லை. அந்த ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். பிறகு கலைவாணி வந்தாள். செக்கிங்கில் மீதி நாலு பேரும் வந்தார்கள். பிரஸ் ஆட்கள் எண்ணெய்க் கறையோடு வந்தார்கள். கடைசியில் அருள்முருகன் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான்.

"அங்க ஏன் நிக்கற, இங்க வந்து குந்து" என்றாள் லூர்து. அவன் குந்தியதும் தேம்பித் தேம்பி அழுதான்.

பதினொரு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அவர்களைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே. ஐம்பத்தோரு பேர் வெளியே இருந்தார்கள். மேனேஜர் கேட்டை உள்ளே பூட்டி, வாசல் குழாயையும் மூடினார். லாரி டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு அணைத்தான். வெயில் ஏறி, தார்ச்சாலை பிருஷ்டத்தைச் சுட்டது. முசியே போலீசுக்குப் போன் போட்டாயிற்று என்று வாட்ச்மேன் இடுக்கு வழியே சொன்னான்.

லூர்து போனை எடுத்து, ஒரு வருஷமாகத் தொடாத எண்ணை அழுத்தினாள்.

"இன்னா அதிசயம்" என்றாள் கரீன். "நான்தான் உன் சோத்துல மண்ணப் போட்டவளாச்சே."

"தெரியாம சொல்லிட்டேன்டி. மண்ணப் போட்டவன் உள்ளயே இருந்திருக்கான். கம்பெனி வாசல்ல குந்தியிருக்கோம், அம்பத்தோரு பேரு. தண்ணிய நிறுத்திட்டாங்க."

அந்தப் பக்கம் கரீன் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.

"நான் காருலதான் வரணும். பரவால்லியா?"

"வாடி."

முக்கால் மணியில் வந்தாள். முன்சீட்டில் ஒன்று, பின்னால் மூன்று, நாலு தண்ணீர் கேன்கள். நாற்பது பொட்டலம் தயிர்சாதமும் வாங்கி வந்திருந்தாள், அதற்குமேல் கடையில் இல்லையாம். லூர்துவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. பழசைப் பேச இருவருக்கும் நேரமில்லை. லூர்து பின்கதவைத் திறந்தாள். கேனைத் தூக்கப்போன கை அதுபாட்டுக்குக் கீலின் ஓரத்துக்குப் போயிற்று. மழமழவென்று இருந்தது. கீழ்த் துளைக்குப் பக்கத்தில் நீலத்தில் ஒரு சின்னக் கோடு. கையால் போட்ட கோடு, முடிகிற இடத்தில் லேசாக வளைந்திருந்தது.

எந்த ஊர்க்காரியோ. குடோனில் கிடக்கிற அந்தப் பெட்டிக் கீலுக்கும் ஒருத்தி இருப்பாள். இத்தனை மலிவுக்கு இங்கே வந்து இறங்குகிறது என்றால் அவளுக்கு என்னதான் கொடுக்கிறானோ, அவள் விரலில் ரேகை மிச்சமிருக்கிறதோ என்னவோ.

"இன்னாடி அப்படிப் பாக்கற?" என்றாள் கரீன்.

"ஒண்ணுமில்ல. யாரோ ஒருத்தி ஒழுங்கா பாத்து வுட்டிருக்கா."

சாலை முனையில் போலீஸ் ஜீப் திரும்புவது தெரிந்தது. அருள்முருகன் எழுந்துவந்து கேனின் ஒரு பக்கத்தை மூன்று விரலால் பற்றினான், மறுபக்கத்தை லூர்து பிடித்தாள். கேட்டின்முன் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் நெருக்கி, நடுவில் கரீனையும் சேர்த்து அவர்கள் மூன்று பேருக்கும் இடம் விட்டார்கள்.